கடனாளிகளின் சிறைக்கதவைத் திறந்த கோடி அற்புதர்



செவ்வாய்க்கிழமை என்றதும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் நினைவுக்கு வருபவர் பதுவைப் புனித அந்தோனியார். வீட்டுத் திறப்பு காணாமற் போனாலும், அடையாள அட்டை தவறிவிட்டாலும், பிள்ளையின் திருமணம் தள்ளிக்கொண்டே போனாலும் நாம் முதலில் அழைப்பது அவரையே. மெழுகுதிரி ஏற்றுகின்றோம், நவநாள் செய்கின்றோம், நேர்த்திக்கடன் வைக்கின்றோம். மண்ணிறத் துறவாடை அணிந்து, லீலிமலரோடும் குழந்தை இயேசுவோடும் நிற்கும் அந்த இளமுகத் திருச்சொரூபம் இல்லாத ஆலயத்தை நம் நாட்டில் காண்பது அரிது. ஆயினும் அவரிடம் கேட்பதில் நாம் காட்டும் ஆர்வத்தை அவரை அறிவதில் காட்டுகின்றோமா என்பது சிந்திக்க வேண்டியதொன்று. அச்சொரூபத்தின் பின்னே நிற்பவர் ஏறக்குறைய முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்த ஒரு மனிதர். தாம் எண்ணியவற்றுள் பெரும்பாலானவை எண்ணியபடி நடவாது போகக் கண்டவர். பிறர் இழந்ததை மீட்டுத் தருபவர் என நாம் போற்றும் இப்புனிதர், தம்முடையவற்றை ஒவ்வொன்றாக இழந்தே தம் அழைத்தலைக் கண்டடைந்தார்.

பதுவை நகர் இத்தாலி நாட்டில் உள்ளது. ஆனால் அந்தோனியார் இத்தாலியர் அல்லர். போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில், பேராலயத்துக்கு அண்மையில் வாழ்ந்த வசதி படைத்த குடும்பமொன்றில் 1195ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். திருமுழுக்கில் அவருக்கு இடப்பட்ட பெயர் பெர்னாந்து. பேராலயப் பாடசாலையில் கல்வி கற்ற அவர், பதினைந்து வயதளவில் நகர மதிலுக்கு வெளியே இருந்த புனித வின்சென்ட் மடத்தில், அகுஸ்தீனார் ஒழுங்கைப் பின்பற்றிய துறவிகளோடு சேர்ந்தார். வீடு அருகில் இருந்தமையால் உறவினரும் நண்பர்களும் ஓயாது தேடிவந்தனர். செபிக்கவும் படிக்கவும் அமைதி கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் அவர் தாமே விரும்பிக் கேட்டு, கோயம்பிரா நகரிலிருந்த திருச்சிலுவை மடத்துக்கு மாறிச் சென்றார். அக்காலப் போர்த்துக்கலின் அரசிருக்கையாக விளங்கிய அந்நகரில், அம்மடம் சிறந்த நூலகம் கொண்ட கல்விக்கூடமாகத் திகழ்ந்தது. அங்கே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் திருநூலையும் திருச்சபைத் தந்தையரின் எழுத்துக்களையும் கற்றுத் தேர்ந்து, குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் அங்கேயே இருந்திருப்பின் அறிவார்ந்த துறவி ஒருவராக மதிப்போடு வாழ்ந்து மறைந்திருப்பார். அவரை இன்று யாரும் அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

அந்த அமைதியான வாழ்வைக் கலைத்தவர்கள் பிச்சை கேட்டு வந்த சில ஏழைத் துறவிகள். அசிசி நகர்ப் புனித பிரான்சிசு தொடங்கிய புதிய சபையைச் சேர்ந்த அவர்கள், நகருக்கு வெளியே ஒலிவத் தோப்பொன்றில் சிறு குடிலில் வாழ்ந்தனர். பாலைநிலத் துறவியான எகிப்து நாட்டுப் புனித அந்தோனியாருக்கு அவ்விடம் அர்ப்பணிக்கப்பட்டிருந்தது. படிப்பறிவு குறைந்த அவர்கள், மடத்தின் வாசலில் வந்து உணவு பெற்றுச் செல்வது வழக்கம். அக்காலத்தில் பெரார்து என்பவரும் அவருடைய தோழர் நால்வரும் நற்செய்தி அறிவிக்க மொரோக்கோ சென்று, 1220 ஜனவரி 16ஆம் நாள் அங்கே கொல்லப்பட்டனர். அவர்களுடைய உடல்கள் கோயம்பிராவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெர்னாந்து வாழ்ந்த அதே மடத்தின் ஆலயத்தில் வைக்கப்பட்டன. அந்த எலும்புகளின் முன் முழந்தாளிட்டபோது, நூலகத்தில் கற்ற எதுவும் தரமுடியாத ஒன்று அந்த இளங்குருவின் நெஞ்சைத் தொட்டிருக்க வேண்டும். தம்மையும் மொரோக்கோவுக்கு அனுப்புவதானால் தங்கள் சபையில் சேருகின்றேன் என்று அந்த ஏழைத் துறவிகளிடம் அவர் கேட்டார். அவர்களும் இசைந்தனர். அகுஸ்தீனாரின் வெள்ளாடையைக் களைந்து முரட்டு ஆடை அணிந்தார். லிஸ்பன் நகரச் செல்வந்தரின் பிள்ளையென்று எவரும் தேடி வராதிருக்கப் பெயரையும் மாற்றிக்கொண்டார். அந்தோனி என்ற பெயர் அவருக்கு இவ்வாறே வந்தது.

இனி நடந்தவற்றைக் கவனியுங்கள். மறைசாட்சியாக மரிக்கவேண்டுமென்ற ஒரே விருப்போடு 1220ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மொரோக்கோ சென்றடைந்தார். அங்கே அவரை எவரும் கைது செய்யவில்லை. வாள் உயர்த்தவும் இல்லை. கடும் நோய் பற்றிக்கொண்டது. குளிர்காலம் முழுவதும் படுக்கையில் கிடந்தார். ஒரு தடவையேனும் அங்கே போதித்ததாகத் தெரியவில்லை. உடல் தேறப் போர்த்துக்கலுக்குத் திரும்புவதே வழியென்று கப்பல் ஏறினார். காற்று அக்கப்பலை எதிர்த்திசையில் தள்ளிச் சென்று, இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில் ஒதுக்கியது. தாய்நாட்டை அவர் மீண்டும் காணவேயில்லை. மறைசாட்சி முடியும் கிட்டவில்லை. பிறந்த மண்ணும் கிட்டவில்லை. மொழி வேறு, முகங்கள் வேறான நாட்டில், நோயாளியாக, இருபத்தாறு வயதில் கரையேறினார்.

மெசினா நகரிலிருந்த சகோதரர்கள் அவரைப் பராமரித்தனர். 1221ஆம் ஆண்டு தூய ஆவியாரின் பெருவிழாவையொட்டி அசிசியில் கூடிய சபையின் பொதுக்கூட்டத்துக்கு அவர்களோடு அவரும் நடந்து சென்றார். ஆயிரக்கணக்கில் துறவிகள் பாய்விரித்துத் தங்கிய கூட்டம் அது. பிரான்சிசு அசிசியாரும் அங்கே இருந்தார். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு மாநிலத் தலைவரும் தமக்கு வேண்டியவர்களை அழைத்துக்கொண்டு கலைந்தனர். அந்தோனியாரை அழைப்பார் எவருமில்லை. தோற்றத்தில் நலிந்த அந்நியர் ஒருவரால் தமக்கு என்ன பயன் என்று எண்ணியிருப்பார்கள் போலும். தாம் கற்றவர் என்பதை அவரும் சொல்லவில்லை. இறுதியில் ரொமாஞ்ஞா பகுதியின் தலைவரான கிரேசியானோ என்பவரிடம் அவரே சென்று, தம்மையும் கூட்டிச்செல்லுமாறு வேண்டிக்கொண்டார். போர்லி நகருக்கு அண்மையில் மொந்தே பாவுலோ என்ற மலைக்குடிலுக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கிருந்த சகோதரருக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். குகையொன்றில் தனித்திருந்து செபித்தார். மற்ற நேரங்களில் பாத்திரம் கழுவினார், தரை கூட்டினார். கோயம்பிராவில் கற்றவர், இங்கே கூட்டுமாற்றோடு நிற்கின்றார். ஓராண்டுக்கு மேலாக அவர் யாரென்பதே எவருக்கும் தெரியாது.

1222ஆம் ஆண்டு போர்லி நகரில் குருத்துவத் திருநிலைப்பாட்டு விழா ஒன்று நடைபெற்றது. பிரான்சிஸ்கன் சபையினரும் புனித தொமினிக்கின் சபையினரும் கூடியிருந்தனர். உரையாற்றுவதற்கு எவரும் ஆயத்தமாக வந்திருக்கவில்லை. போதிப்பதையே தம் சபையின் பணியாகக் கொண்ட தொமினிக்கன் துறவிகளும், ஆயத்தமின்றிப் பேசுவது முறையன்று என மறுத்துவிட்டனர். வேறு வழியில்லாத நிலையில் மேலாளர் அந்தோனியாரைப் பார்த்து, தூய ஆவி தூண்டுவதைப் பேசுமாறு கட்டளையிட்டார். அவர் தயங்கியே எழுந்தார். தொடக்கத்தில் எளிமையாகவும் மெதுவாகவும் வந்த சொற்கள் சிறிது நேரத்தில் ஆழங் கொண்டன. திருநூலின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் நாவில் வந்து நின்றன. பாத்திரம் கழுவியவரை அங்கிருந்தோர் வியப்போடு பார்த்தனர். அன்றோடு மலைக்குடில் வாழ்வு முடிந்தது; ஊர் ஊராகச் சென்று போதிக்கும் பணி தொடங்கியது.

அடுத்த ஒன்பது ஆண்டுகளை விரிவாகச் சொல்ல இப்பத்தி இடந்தராது. வட இத்தாலியிலும் தென் பிரான்சிலும் அவர் நடந்தார். உடலும் உலகமும் தீயோனின் ஆக்கம் எனப் போதித்த கத்தாரர் அங்கே பரவியிருந்தனர். வாளால் அவர்களை அடக்கப் பலர் முயன்ற காலத்தில், விளக்கத்தாலும் ஏழ்மை வாழ்வாலும் மக்களை மீட்பதே அவர் வழியாயிற்று. பொலோஞ்ஞாவில் தம் சகோதரருக்கு இறையியல் கற்பித்தார். படிப்பு துறவிகளின் தாழ்ச்சியைக் கெடுக்குமோ என அஞ்சிய பிரான்சிசு அசிசியாரே, செப உணர்வு அணையாதிருக்கும்வரை கற்பிக்கலாம் என அவருக்கு மடல் எழுதி இசைவளித்தார். 1227இல் வட இத்தாலியின் மாநிலத் தலைவரானார். பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் அவருடைய உரையைக் கேட்டு, திருநூலைத் தன்னுள் கொண்ட பேழை என அவரைப் பாராட்டினார்.

ரிமினி நகரில் மக்கள் கேளாதபோது மீன்கள் தலைதூக்கிக் கேட்டன என்ற கதையை நாமனைவரும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். அது பின்னாளில் எழுதப்பட்டது. அவர் இறந்த மறு ஆண்டளவில் அவருடைய சபைத் துறவி ஒருவர் எழுதிய முதல் வாழ்க்கை வரலாற்றில் அது இல்லை. தொலைந்த பொருளுக்கு அவரை மன்றாடும் வழக்கத்துக்கும் அவ்வாறான கதை ஒன்று உண்டு. அவர் குறிப்புகள் எழுதிப் பயன்படுத்திய திருப்பாடல் நூலை, மடத்தை விட்டு ஓடிய இளந்துறவி ஒருவர் எடுத்துச் சென்றுவிட்டாராம். அந்தோனியார் செபிக்க, நூலும் திரும்பியது. ஓடியவரும் திரும்பினார் என்பது மரபு. நூலைவிட ஆளை மீட்டதே அக்கதையின் சிறப்பென எனக்குத் தோன்றுவதுண்டு.

பிரான்சின் பூர்ஜ் நகரில் குருக்களின் மாமன்றம் ஒன்றில் உரையாற்றியபோது, அங்கே அமர்ந்திருந்த பேராயரையே நேர்முகமாகச் சுட்டி அவர் கண்டித்ததாகவும், பேராயர் மனம் வருந்தி அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்ததாகவும் பழைய வரலாறு கூறுகின்றது. குருக்களாகிய எங்களுக்கு இந்நிகழ்வு சற்றுச் சங்கடமானதுதான்.

வாசகர்களே, நான் உங்களிடம் சிறப்பாகச் சொல்ல விரும்புவது 1231ஆம் ஆண்டின் தவக்காலத்தைப் பற்றியே. முந்திய ஆண்டில் மாநிலத் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட அந்தோனியார் பதுவை நகரில் தங்கியிருந்தார். நீர்க்கோவை நோயினால் உடல் பருத்து, நடப்பதற்கே துன்புற்ற நிலை. எனினும் அத்தவக்காலம் முழுவதும் நாள்தோறும் போதிப்பதெனத் துணிந்தார். நாற்பது நாளும் தொடர்ந்து போதிப்பது அன்று புதுமை. ஆலயங்கள் போதாமையால் கூட்டம் திறந்த வெளிக்கு மாறியது. இரவிலேயே விளக்குகளோடு வந்து இடம் பிடித்தனர். முப்பதாயிரம் பேர்வரை கூடினர் என முதல் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். அவர் பேசும் நேரத்தில் வணிகர் கடைகளைப் பூட்டினர். அவருடைய ஆடையில் ஒரு துண்டையாவது வெட்டியெடுக்க முண்டியடித்தவர்களிடமிருந்து அவரைக் காக்க இளைஞர் குழுவொன்று சூழ்ந்து நிற்க வேண்டியதாயிற்று. உரை முடிந்தபின் பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்வார். பொழுது சாயும்வரை உண்ணாமலே அமர்ந்திருந்த நாட்கள் பல.

பதுவை அக்காலத்தில் செல்வச் செழிப்பு மிக்க நகர். அதே வேளை வட்டித் தொழிலுக்கும் பேர்பெற்றது. பிற்காலத்தில் கவிஞர் தாந்தே தமது காவியத்தில் வட்டிக்காரரை நரகில் வைத்தபோது, பதுவைச் செல்வர் ஒருவரையும் அங்கே அமர்த்தினார் என்றால் அதன் புகழ் எத்தகையதென்று ஊகிக்கலாம். கடன்பட்டவர் தவணையில் செலுத்த இயலாவிடின் சிறைக்குச் செல்ல வேண்டும். உள்ளதையெல்லாம் விற்றுக் கொடுத்தாலும், மிச்சத்துக்காகச் சிறையிலேயே கிடக்க வேண்டும். அவருக்காகப் பிணை நின்றவருக்கும் அதே கதி. உழைக்கும் கை சிறையிலிருந்தால் கடன் எங்ஙனம் தீரும்? வெளியே மனைவி மக்கள் மேலும் கடன்படுவார்கள்.

வட்டிக்காரரைப் பற்றி அந்தோனியார் தமது மறையுரை நூலிற் கடுமையாக எழுதியிருக்கின்றார். மறைவாக வட்டிக்குக் கொடுப்போர், வெளிப்படையாக ஆனால் சிறு தொகையில் கொடுப்போர், சந்தையிலே நாணமின்றிப் பெருந்தொழிலாகச் செய்வோர் என மூவகையாக அவர்களைப் பிரித்து, முதல் வகையினரை ஊர்வனவற்றுக்கும் ஏனையோரைச் சிறு விலங்கு பெரு விலங்குகளுக்கும் ஒப்பிட்டார். உலோபி ஒருவன் இறந்தபோது அவனுடைய நெஞ்சைப் பிளந்து பார்க்க இதயம் அங்கே இல்லை, பணப்பெட்டியிலேயே கிடந்தது என்ற கதையும் அவர் பெயரோடு சேர்த்தே வழங்கிவருகின்றது. அத்தவக்காலத்தில் கள்வர் பலர் மனந்திரும்பினர், பகைவர் ஒப்புரவாயினர், வட்டியாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தோரும் இருந்தனர் என முதல் வரலாறு சான்றுபகர்கின்றது.

ஆனால் அவர் அதனோடு நின்றுவிடவில்லை. ஒருவர் மனந்திரும்புவார், மற்றொருவர் திரும்பமாட்டார். சட்டமோ இருவரையும் கட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நகர ஆட்சியாளரிடம் சென்று கடனாளிகளுக்காக வாதாடினார். 1231 மார்ச் மாதத்தில், உயிர்ப்புப் பெருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன், பதுவை நகரம் புதிய சட்டமொன்றை இயற்றியது. கடனாளியோ பிணை நின்றவரோ, தம் உடைமைகளைக் கடன்கொடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டால், அதன்பின் அவரைச் சிறையிலடைத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளின்படி இது இயற்றப்படுகின்றது என அச்சட்டத்திலேயே எழுதப்பட்டது. மீன்கள் கேட்டதைவிட, கடன் கொடுத்தோர் நிறைந்த நகரசபை கேட்டதே எனக்குப் பெரிய அற்புதமாகத் தெரிகின்றது.

இதை வாசிக்கும்போது உங்கள் மனத்தில் சில முகங்கள் தோன்றக்கூடும். அடைவு வைத்த நகையை மீட்க முடியாத தாய், வாராந்தத் தவணைக்கு வரும் நுண்கடன்காரரைக் கண்டு கதவைச் சாத்தும் அயலவர், நண்பனுக்குப் பிணை நின்று சம்பளத்தை இழந்த தகப்பன் ஆகியோரை நம் ஒவ்வொரு பங்கிலும் காணலாம். வட்டிக்குக் கொடுத்த கையோடு அந்தோனியார் சொரூபத்துக்கு மாலையிடுவோரும் நம்மிடையே இல்லாமலில்லை. பிறரின் காணி உறுதியைத் தம் அலுமாரியில் வைத்துக்கொண்டு, தம் தொலைந்த மோதிரத்துக்காக அவரிடம் மன்றாடுவது அவருக்கு எவ்வாறிருக்கும்?

அவருடைய பரிந்துரைகள் எல்லாம் வெற்றிபெற்றன என எண்ண வேண்டாம். அதே ஆண்டில், கொடுங்கோலன் எனப் பெயர்பெற்ற எசலீனோ என்ற பிரபுவிடம், சிறைப்பட்டிருந்த வெரோனா நகரப் பிரமுகர்களை விடுவிக்குமாறு வேண்டி அவர் நோயோடு பயணம் செய்தார். எசலீனோ மறுத்துவிட்டான். அவர் வெறுங்கையோடு திரும்பினார். அவன் அவர் முன்னே மண்டியிட்டான் எனப் பிற்காலத்தார் கதை சொன்னார்கள். அந்நகர வரலாற்றாசிரியரோ நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தார். தோல்வியையும் சேர்த்தே அப்புனிதரை நேசிப்பது நமக்கு நல்லது.

நலிந்த உடலோடு, பதுவைக்கு வடக்கே கம்போசம்பியேரோ என்னும் இடத்தில், தீசோ என்ற பிரபுவின் நிலத்திலிருந்த சிறு மடத்துக்கு ஓய்வுக்காகச் சென்றார். அங்கே பெரிய அக்ரூட் மரமொன்றின் கிளைகளுக்கிடையே அவருக்காகப் பரண் அமைத்துக் கொடுத்தார்கள். 1231 ஜூன் 13ஆம் நாள், வெள்ளிக்கிழமை நண்பகல், சகோதரரோடு உணவுக்கு அமர்ந்தவர் மயங்கிச் சாய்ந்தார். பதுவையில் இறக்க விரும்பினார். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்திக்கொண்டு சென்றனர். நகர வாசலை அடையுமுன்னரே நிலை மோசமாகவே, ஆர்செல்லா என்ற இடத்தில், புனித கிளாராவின் சபைச் சகோதரிகளின் மடத்துக்கு அருகே இறக்கினர். மரியன்னையைப் பாடலால் வாழ்த்தி, ஆண்டவரைக் காண்பதாகக் கூறி, அவர் அங்கே உயிர்நீத்தார். விரும்பிய நகரை உயிரோடு சென்றடையும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை.

அவருடைய உடல் யாருக்கு உரியது என்பதில் ஊராருக்கிடையே எழுந்த பூசல் நான்கு நாட்கள் நீடித்தது. ஈற்றில் 17ஆம் நாள் பதுவையில் அடக்கம் நிகழ்ந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. நம் செவ்வாய்ப் பக்தியின் வேர் அதுவே. ஓராண்டு நிறைவதற்குள், 1232 மே 30ஆம் நாள், ஒன்பதாம் கிரகோரியார் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1263இல் கல்லறை திறக்கப்பட்டபோது நா மட்டும் அழியாதிருக்கக் கண்டனர். 1946 ஜனவரி 16ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். ஜனவரி 16, மொரோக்கோ மறைசாட்சிகள் ஐவரும் இறந்த நாள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரோடு நம் தீவுக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு அவர் தம் நாட்டுப் புனிதரும் தம் சபைப் புனிதருமாயிருந்தார். கொழும்பு கொச்சிக்கடைத் திருத்தலத்தில் இன்றும் எல்லா மதத்தவரும் அவரை நாடி வருகின்றனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, குண்டுவெடிப்பில் அங்கே மன்றாடிக்கொண்டிருந்தோரின் குருதி சிந்தப்பட்டது. இரு மாதம் நிறைவதற்குள் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கச்சதீவிலும் கடற்றொழிலாளரின் காவலர் அவரே.

அவருடைய சொரூபத்தின் அடியில் ஏழைகளுக்கான உண்டியல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதைப் பல ஆலயங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தோனியாரின் அப்பம் என்பது அதன் பெயர். பதுவையில் தண்ணீரில் மூழ்கிய தன் குழந்தை உயிர்பெற்றால், அதன் எடைக்கு நிகரான தானியத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகத் தாயொருத்தி நேர்ந்துகொண்டாள் என்பது அதன் பழைய கதை. அவ்வழக்கம் உலகெங்கும் பரவியது 1890இல். பிரான்சின் துலோன் நகரில் லூயிஸ் பூபியே என்ற பெண் துணிக்கடை நடத்திவந்தார். ஒருநாள் காலை அவருடைய கடைப் பூட்டு திறக்கவில்லை. எத்தனையோ திறப்புகளைப் போட்டுப் பார்த்தும் பயனில்லை. கதவை உடைக்கவே ஆயத்தமாயினர். உடையாமல் திறந்தால் ஏழைகளுக்கு அப்பம் வாங்கிக் கொடுப்பதாக அப்பெண் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டார். அடுத்துப் போட்ட திறப்புக்கே பூட்டு திறந்தது. அவர் சொன்னபடி அப்பம் கொடுத்தார். அதைக் கேள்வியுற்ற அயலவரும் நேர்ந்துகொண்டனர். கடையின் பின்னறையில் அந்தோனியாரின் சிறு சொரூபமும் அதன் அருகே ஓர் உண்டியலும் வைக்கப்பட்டன. அங்கே சேர்ந்த பணத்தில் நகரின் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் அப்பம் சென்றது.